மயிற்பொறியின் இருக்கைகள்

சீவகசிந்தாமணியின் நாமகளிலம்பகத்தில் ஒரு விமானம் கட்டப்படுகின்றது. ஏமாங்கத நாட்டு வேந்தன் சச்சந்தன், மனைவி விசயைமீது கொண்ட காதல் மிகுதியால் அரசாட்சியை அமைச்சன் கட்டியங்காரனிடம் ஒப்புவித்துவிட்டு அந்தப்புரத்திற் கிடக்கின்றான். ஏனையோர் விலக்கியும் கேளான். பின்னர் விசயை கனாவொன்று காண்கின்றாள். அசோக மரம் ஒன்று வீழ்கின்றது. அதன் அடியிலிருந்து புதிய முளையொன்று எழுகின்றது. மகன் பிறப்பான், தான் இருக்கமாட்டான் என்று கனவின் பொருளை உணர்ந்த வேந்தன், தொழில் வல்லான் ஒருவனை அழைத்து மயில் வடிவிற் பறக்கும் பொறியொன்றைச் செய்விக்கின்றான். அதனை எழுப்பவும் இறக்கவும் அரசியைப் பழக்குகின்றான். கட்டியங்காரனின் படை அரண்மனையைச் சூழ்ந்தபோது கருவுற்றிருந்த அரசி மயிற்பொறியிலேறிப் போகின்றாள்; அரசன் பொருது மடிகின்றான். பகைவனின் வெற்றிமுரசு காதில் விழ அவள் மயங்குகின்றாள். பொறி ஊர்ப்புறத்துச் சுடுகாட்டில் இறங்குகின்றது. அங்கே சீவகன் பிறக்கின்றான்.

இக்கதையைக் கண்டவுடன் பண்டைத் தமிழர் விமானம் செலுத்தினரா என்று விசாரிக்கப் புறப்படுவோர் பலர். அது பயனற்ற விசாரணை. காவியப் புலவர் பொறியைப் படைத்தது பொறியியல் கற்பிப்பதற்கன்று. பொறி பறந்ததா என்பதிலும் பார்க்க, அதில் எத்தனை பேருக்கு இடம் வைக்கப்பட்டது என்பதே கேட்கத்தக்க வினா. அழிவு வருமென அறிந்த ஒருவன், அதிலிருந்து தப்புவதற்கு ஒரு சிறிய வானூர்தியைத் தெரிந்து கொள்ளும்போது எதனைத் தெரிந்துகொள்கின்றான்? ஓர் இயந்திரத்தையா, அன்றி வாழவேண்டியோரின் பட்டியலையா?

வினா காவியத்தோடு முடிந்துவிடவில்லை. 2015ஆம் ஆண்டு தாவோஸ் மாநாட்டிற் பேசிய றொபேட் ஜோன்சன் என்னும் பொருளியலாளர், முதலீட்டு நிதியங்களை நடத்தும் செல்வர் சிலர் நியூசிலாந்து போன்ற நாடுகளில் விமான ஓடுதளங்களும் பண்ணைகளும் வாங்கி வருவதைக் குறிப்பிட்டார். சமூகம் குலைந்தால் ஏறிப் பறப்பதற்கு ஊர்தியும் இறங்குவதற்கு இடமும் ஆயத்தமாக இருக்கவேண்டும் என்பது அவர்களது எண்ணம். செல்வரல்லாதோரும் இவ்வெண்ணத்தின் எளிய வடிவமொன்றை மனத்திற் கொண்டிருத்தல் கூடும். எரிமலையோ பெருவெள்ளமோ போரோ வருமிடத்து எந்த ஊர்தி உகந்தது என்ற வினா, முதலில் விளையாட்டுப் போலவும் சற்று ஆராய்ந்தால் தொழில்நுட்பப் போலவும் தோன்றும். ஆயின் அதன் தொழில்நுட்பத்தைப் பொறுமையோடு பின்தொடர்ந்து செல்வோர் சிறிது தூரத்திலேயே ஒழுக்கவியலின் வாசலிற் கொண்டுவந்து விடப்படுவர்.

உலகில் மிகுதியாகக் கட்டப்பட்ட சிறு விமானமாகிய செஸ்னா 172ஐ எடுத்துக்கொள்ளலாம். 1956ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த இவ்வகையில் நாற்பதினாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டுள்ளன. ஒற்றை இயந்திரம்; நான்கு இருக்கைகள். ஆனால் நான்கு இருக்கைகள் இருத்தல் வேறு, நால்வர் செல்லுதல் வேறு. அதன் பிற்கால வடிவமொன்று எழும்பக்கூடிய மொத்த நிறை ஏறத்தாழ 1157 கிலோகிராம். வெறும் விமானத்தின் நிறையைக் கழித்தால் ஆட்களுக்கும் எரிபொருளுக்கும் பொதிகளுக்குமாக எஞ்சுவது 400 கிலோகிராம் அளவிலேயே. கொள்கலம் நிறையப் பெற்றோல் நிரப்பினால் அது ஏறத்தாழ 200 லீற்றர். நிறை 144 கிலோகிராம். எஞ்சிய 250 கிலோகிராமில் 80 கிலோகிராம் கொண்ட வளர்ந்தோர் மூவர் ஏறலாம். நான்காவது இருக்கை வெறுமையாகவே இருக்கும். அல்லது பெற்றோலைக் குறைக்கவேண்டும்.

இக்கணக்கை மறுதலையாக நோக்கினால் அதன் கொடுமை புலப்படும். 80 கிலோகிராம் என்பது ஏறத்தாழ 110 லீற்றர் பெற்றோலின் நிறை. இவ்விமானம் மணிக்கு முப்பத்தைந்து லீற்றர் அளவில் எரிக்கும். மணிக்கு இருநூறு கிலோமீற்றருக்கு மேல் செல்லும். ஆகவே தரையில் விடப்படும் ஒரு மனிதன், வானிற் செல்வோருக்கு ஏறத்தாழ மூன்று மணி நேரப் பறப்பு. அறுநூறு கிலோமீற்றர் தூரம். அண்ணனுக்குப் பதிலாக அறுநூறு கிலோமீற்றர், அயலவனுக்குப் பதிலாக அறுநூறு கிலோமீற்றர் என்று எழுதிப் பார்த்தால், 'வீச்சு' என்று விமான நூல்கள் குறிக்கும் நடுநிலையான சொல் எத்துணைப் பாரத்தை மறைத்து வைத்திருக்கின்றது என்பது விளங்கும்.

வேறு ஊர்திகளை நாடினாலும் கணக்கு மாறுமேயன்றித் தீராது. செஸ்னா 172 நிலத்தை விட்டெழ ஏறத்தாழ முந்நூறு மீற்றர் ஓடவேண்டும். முன்னே மரமோ கட்டடமோ இருப்பின் மேலும் வேண்டும். பைப்பர் சூப்பர் கப் என்னும் ஊர்தியோ, பாரம் குறைவாயின் நூறு மீற்றருக்குள்ளேயே எழும். ஆற்று மணலிலும் மலைச்சரிவிலும் இறங்கும். அதில் இருக்கைகள் இரண்டே. ஹெலிகொப்ரருக்கு ஓடுதளமே வேண்டியதில்லை; ஆயின் அதன் வீச்சுக் குறைவு, பராமரிப்போ மிகக் கூடியது. எங்கிருந்தும் எழக்கூடிய வல்லமை, ஆட்களைக் குறைத்துப் பெறப்படும் வல்லமையாகவே பெரும்பாலும் அமைகின்றது. எனவே 'சிறந்த தப்பும் ஊர்தி எது?' என்ற வினாவுக்கு ஒருவன் அளிக்கும் விடையிலிருந்து அவனது குடும்பத்தின் அளவையும், அவன் அயலாரை எண்ணியிருக்கின்றானா என்பதையும் ஓரளவு ஊகித்துவிடலாம்.

இனி, இவ்வாறு ஆயத்தஞ் செய்தோன் தன்னைப் பாதுகாத்துக் கூறும் நியாயம் ஒன்றுண்டு. அவன் உழைத்துத் தேடினான், முன்யோசனையோடு வாங்கி வைத்தான், பறக்கவும் பயின்றான். மற்றையோர் அவ்வாறு செய்யாதது அவனது குற்றமன்று. மாரிக்குத் தானியம் சேர்த்த எறும்பினிடம் வெட்டுக்கிளி எந்த உரிமையில் வந்து கேட்பது? சிறுவர் பாடநூல்கள் முதற்கொண்டு ஊட்டப்பட்டு வந்த நியாயமாதலால் இது வலிதாகவே தோன்றும். ஆனால் எறும்பின் தானியம் எறும்பு தூக்கி வந்தது, விமானம் அத்தகையதன்று. அதன் பெற்றோல் சுத்திகரிப்பு ஆலையொன்றிலிருந்து வருகின்றது. அதன் இயந்திரத்தைக் குறித்த காலந்தோறும் கழற்றிச் சோதிக்கும் தொழிலாளி ஒருவன் இருக்கின்றான். ஓடுதளத்தைப் பேணுவோர், வானிலையை அறிவிப்போர், வான்வழியைக் கட்டுப்படுத்துவோர் எனப் பலர் அதன் ஒவ்வொரு பறப்பிலும் உடனிருக்கின்றனர். 2001 செப்ரெம்பர் 11ஆம் திகதி அமெரிக்க வான்பரப்பு மூடப்பட்டபோது தனியாரின் சிறு விமானங்களும் தரையிலேயே நின்றன. 2011 மார்ச் 11ஆம் திகதி யப்பானின் சென்டாய் விமான நிலையத்தை ஆழிப்பேரலை மூடியபோது, தப்புதற்கு மிக வசதியாக அங்கே நின்றிருந்த சிறு விமானங்கள் குப்பைகளோடு குப்பையாக வெள்ளத்தில் அள்ளுண்டு போயின. சமூகத்தை விட்டுத் தப்புவதற்கு வாங்கப்பட்ட பொருள், சமூகம் குலையாதிருக்கும் வரைக்குமே பறக்கும் பொருளாக இருத்தல் வேடிக்கையன்றோ?

வேடிக்கை இன்னும் ஒருபடி மேலே செல்லும். செல்வன் தானே விமானம் செலுத்தான். அதற்கென ஒருவனை வைத்திருப்பான். அழிவு வரும் நாளில் அவ்விமானி தன் மனைவி மக்களை விட்டுவிட்டு எசமானின் மனைவி மக்களை ஏற்றிச் செல்வானா? அவர்களையும் ஏற்றுவதாயின் இருக்கைகள் போதா. ஏற்றாவிடின் விமானி வாரான். டக்ளஸ் றஷ்கொவ் என்னும் எழுத்தாளர் 2022இல் வெளியிட்ட நூலொன்றில், பெருஞ்செல்வர் ஐவர் தம்மை அழைத்து ஆலோசனை கேட்டதை விவரித்துள்ளார். உலகம் நிலைகுலைந்து பணம் மதிப்பிழந்த பின்னர் தமது காவலர் தமக்கு அடங்கி நடக்கச் செய்வது எவ்வாறு என்பது அவர்களைத் தின்ற கவலைகளில் ஒன்று. இதனைப் பேராசைக்காரரின் பேதைமை என்று சிரித்து ஒதுக்கிவிடலாம். ஆனால் உடைமையின் உண்மையான தன்மை இவ்விடத்திலேயே வெளிப்படுகின்றது. 'இவ்விமானம் எனது' என்ற கூற்று, மற்றையோர் அதனை ஒப்புக்கொள்ளும் உலகில் மாத்திரமே பொருளுடையது. அவ்வுலகம் மறையும் நாளுக்காக அக்கூற்றின்மேல் நம்பிக்கை வைத்தல் தர்க்கப் பிழையாகும்.

ஒழுக்கவியலாளர் இத்தகைய நெருக்கடிகளைப் படகை வைத்தே பெரும்பாலும் ஆராய்ந்துள்ளனர். கரெற் ஹார்டின் என்னும் உயிரியலாளர் 1974இல் எழுதிய கட்டுரை இவற்றுட் பெயர்பெற்றது. அறுபது பேர் கொள்ளும் உயிர்காப்புப் படகில் ஐம்பது பேர் இருக்கின்றனர். நூறு பேர் நீரில் நீந்தியவாறு இடங்கேட்கின்றனர். எல்லோரையும் ஏற்றினால் படகு அமிழும். ஆதலால் ஏற்றாதிருப்பதே அறிவு என்பது அவர் முடிவு. செல்வ நாடுகள் படகுகள், வறிய நாடுகள் நீரிற் கிடப்போர் என்று அவர் உவமையை விரித்தார். வறிய நாடொன்றிலிருந்து இதனைப் படிப்போருக்கு எழும் சினம் நியாயமானதே. ஆயினும் சினத்தால் ஒரு வாதம் உடைவதில்லை. அவ்வாதத்தின் குறை வேறோரிடத்தில் உண்டு. கதை தொடங்கும்போதே ஐம்பதின்மர் படகினுள் இருக்கின்றனர். அவர்கள் எவ்வாறு உள்ளே வந்தனர்? அறுபது பேருக்கென்று படகை அளந்தவர் யார்? கதை இவ்வினாக்களுக்குப் பிறகே தொடங்குகின்றது. ஆகவே அறத்தின் பெரும்பகுதி கதைக்கு வெளியே நின்றுவிடுகின்றது.

1912இல் மூழ்கிய ரைற்றானிக் கப்பலில் ஏறத்தாழ 2200 பேர் இருந்தனர். அதன் உயிர்காப்புப் படகுகள் அனைத்தும் நிறைந்திருந்தாலும் 1178 பேருக்கே இடமிருந்தது. இது சட்டத்துக்கு மாறானதுமன்று. அக்காலப் பிரித்தானிய விதிகள் கோரியதிலும் அப்படகுகள் கூடுதலாகவே இருந்தன. அவ்விரவில் எந்தப் பெண் ஏறினாள், எந்த ஆண் ஒதுங்கி நின்றான் என்பவற்றைப் பற்றி நூல்களும் திரைப்படங்களும் மிகுதி. ஆயிரம் பேருக்கு இடமில்லை என்பது முடிவானது அவ்விரவிலன்று. கப்பல் வரைபலகையில் இருந்தபோதே அது முடிவாயிற்று. அங்கே எவரும் அழவில்லை, எவரும் எவரையும் தள்ளவில்லை. சிறு விமானத்தைத் தெரிந்துகொள்பவனும் இவ்வரைபலகையின் முன்னேதான் அமர்ந்திருக்கின்றான். அமைதியான அறையில், விலைப்பட்டியலைப் புரட்டிக்கொண்டு, பின்னொரு நாளில் யார் யாருக்கு இடமில்லை என்பதை அவன் தீர்மானிக்கின்றான். அழிவு நாளில் 'இடமில்லை, என் செய்வேன்' என்று அவன் கூறுவது உண்மையே. அது அவன் தானே முன்னர் ஆக்கிவைத்த உண்மை.

இதற்கு நேரெதிரான நிகழ்ச்சியொன்று வியட்நாம் போரின் முடிவில் நிகழ்ந்தது. அது சற்று விரிவாக நோக்கற்பாலது. 1975 ஏப்ரில் இறுதி நாட்களில், சைகோன் வீழ்ச்சியுறும் தறுவாயில், தென்வியட்நாமிய விமானப்படையைச் சேர்ந்த மேஜர் புவாங்-லி, கொன் சொன் தீவிலிருந்து ஒரு சிறு விமானத்தை எடுத்துக்கொண்டு கடல்மேற் புறப்பட்டார். அது 'பேட் டோக்' என வழங்கும் ஓ-1. செஸ்னா நிறுவனமே கட்டிய வேவு விமானம். முன்னே விமானிக்கும் பின்னே நோட்டக்காரனுக்குமாக இரண்டே இருக்கைகள். அதில் அவரும் மனைவியும் பிள்ளைகள் ஐவருமாக எழுவர் இருந்தனர். அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பலாகிய மிட்வேயைக் கண்டு அதனைச் சுற்றிச் சுற்றிப் பறந்தார். கப்பலோடு பேச வானொலித் தொடர்பில்லை. குறிப்பு எழுதிக் கீழே போட்டார். முதலில் போட்டவை காற்றோடு கடலுக்குள் போயின. பின்னர் போட்ட ஒன்று தளத்தில் விழுந்தது. ஹெலிகொப்ரர்களை ஒதுக்கினால் இறங்கமுடியும், இன்னும் ஒரு மணி நேரம் பறக்க எரிபொருளுண்டு, மனைவியும் ஐந்து பிள்ளைகளும் உடனிருக்கின்றனர் என்பது அதன் செய்தி.

மிட்வேயின் தளமோ அகதிகளை ஏற்றிவந்த ஹெலிகொப்ரர்களால் நிறைந்திருந்தது. சிறு விமானத்தைக் கடலில் இறங்கச் சொல்லி ஆட்களை மீட்கலாம் என்பது ஒரு வழி. ஆனால் சில்லுகள் நிலையாகக் கீழே நீட்டியிருக்கும் அத்தகைய விமானம் நீரைத் தொட்டவுடன் குப்புறக் கவிழும். உள்ளே நெருக்கியிருக்கும் குழந்தைகள் வெளியேற இயலாது. கப்பலின் தலைமையை ஏற்றுச் சில வாரங்களே ஆகியிருந்த கப்டன் லோறன்ஸ் சேம்பர்ஸ், தளத்தை வெறுமையாக்குமாறு கட்டளையிட்டார். அகற்றமுடியாத ஹெலிகொப்ரர்கள் கடலினுள் தள்ளப்பட்டன. அவற்றின் பெறுமதி பத்து மில்லியன் டொலர் என மதிப்பிடப்பட்டது. இதற்காக இராணுவ நீதிமன்றில் நிறுத்தப்படக்கூடுமென்று சேம்பர்ஸ் எண்ணினார். எத்தனை தள்ளப்பட்டன என்பதைத் தாம் பார்க்காதிருக்கவும் விரும்பினார். விமானம் இறங்குவதற்கு இடையூறாகத் தளத்தின் குறுக்கே கிடந்த நிறுத்து வடங்களும் கழற்றப்பட்டன. கப்பல் காற்றை எதிர்த்து விரைவாகச் செலுத்தப்பட்டது. விமானந்தாங்கியில் இறங்குவதற்குரிய கொக்கி எதுவுமற்ற அச்சிறு விமானம் தளத்திற் பட்டு, துள்ளி, ஓடி, நின்றது. எழுவரும் உயிரோடு இறங்கினர்.

இந்நிகழ்ச்சியை வீரக்கதையாகச் சொல்வது எளிது. பலரும் அவ்வாறே சொல்வர். ஒழுக்கவியல் நோக்கில் இதிற் கவனிக்கத்தக்கது வேறொன்று. இரண்டு இருக்கை என்று கைந்நூல் சொன்னது, எழுவரைச் சுமந்தது. ஐவர் குழந்தைகளாதலாற் சுமக்க முடிந்தது என்பதும், தொலைதூரம் செல்லும் நோக்கம் இல்லாதிருந்ததென்பதும் உண்மையே. இருக்கைகளின் தொகை இயந்திரத்திற் பொறிக்கப்பட்டதாகத் தோன்றினாலும், எவ்வளவு ஆபத்தைப் பகிர்ந்துகொள்ள ஏறுவோர் உடன்படுகின்றனர் என்பதையும், இறங்குமிடத்தில் உள்ளோர் எதனை இழக்க ஆயத்தமாக உள்ளனர் என்பதையும் அது சார்ந்திருக்கின்றது. தளத்திலிருந்தோர் தமது பொருளை எண்ணியிருப்பின் அவ்விமானத்தில் ஓர் இருக்கைகூட இருந்திருக்கமாட்டாது. ஹார்டினின் படகு கணிதத்தால் அளக்கப்பட்டது. மிட்வேயின் தளத்திலும் கணிதம் இருந்தது, ஆனால் அது கணக்கின் மறுபக்கத்தில் எதனை வைப்பதென்ற கேள்விக்குப் பின்னரே வந்தது.

அதே போரில், அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னர், 1975 மார்ச் 29ஆம் திகதி டா நாங் நகரிலிருந்து இறுதியாகப் புறப்பட்ட பயணிகள் விமானத்தின் கதையும் உண்டு. பெண்களையும் குழந்தைகளையும் மீட்கச் சென்ற பெரிய விமானம் அது. அதில் ஏறியோர் பெரும்பாலும் ஆயுதந்தரித்த படைவீரர்; பெண்களும் குழந்தைகளும் மிகச் சிலரே இருந்தனர். இடம் நிறைய இருந்தது. இடத்தைப் பெற்றது வலிமை. பெரிய ஊர்தியாயின் அறம் தானே வந்துவிடும் என்று கருதுவோர் இதனை மனங்கொள்ளல் நன்று.

படைவீரர் முந்தியேறியது குறித்து எழும் வெறுப்பு, உயிர்களின் எண்ணிக்கையை வைத்து எழுவதன்று. காக்கும் கடமை பூண்டோர் காக்கப்படவேண்டியோரின் இடத்தைக் கொண்டனர் என்பதே அதன் காரணம். 1841இல் வில்லியம் பிறவுண் என்னும் கப்பல் பனிப்பாறையில் மோதி மூழ்கியபோது, நெருக்கமாயிருந்த நீள்படகிலிருந்து பயணிகள் பலரை மாலுமிகள் கடலில் வீசினர்; தம்முள் ஒருவரையும் வீசவில்லை. மறு ஆண்டு பிலடெல்பியாவில் ஹோம்ஸ் என்னும் மாலுமி விசாரிக்கப்பட்டபோது, படகைச் செலுத்தத் தேவையானோர் தவிர ஏனைய மாலுமிகளுக்குப் பயணிகளிலும் முந்திய உரிமை கிடையாதென்றும், இத்தகைய நிலையிற் சீட்டுக் குலுக்குவதே முறையென்றும் நீதிபதி உரைத்தார். பொறுப்பு ஏற்றவனுக்குக் கடைசி இருக்கை என்னும் கருத்து இங்கே சட்டத்தின் மொழியைப் பெறுகின்றது. 2021 ஓகஸ்ற் 15ஆம் திகதி ஆப்கானிஸ்தான் சனாதிபதி அஷ்ரப் கனி ஹெலிகொப்ரரில் நாட்டைவிட்டு வெளியேறினார். இரத்தம் சிந்தாதிருக்கவே வெளியேறியதாக அவர் பின்னர் விளக்கினார். மறுநாள் காபூல் விமான நிலையத்தில், ஓடும் இராணுவ விமானத்தின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு மேலெழுந்து வீழ்ந்தோர் அவரது குடிமக்கள். அவரது விளக்கம் முழுவதும் உண்மையென்றே கொண்டாலும் அவ்விரு காட்சிகளும் ஒன்றோடொன்று ஒட்டமாட்டா.

மேஜர் புவாங்-லியும் பதவி பூண்ட ஒரு படையதிகாரிதானே என்று வினவலாம். வினா நியாயமானது. ஆயின் அவரது படை அப்போது முடிவின் விளிம்பில் நின்றது. 1975 ஏப்ரில் 30ஆம் திகதி தென்வியட்நாம் சரணடைந்தது. அவர் தங்கியிருந்தால் எவர் காக்கப்பட்டிருப்பர் என்று காட்டுதல் கடினம். கடமை பூண்டோன் இறுதிவரை நிற்கவேண்டுமென்பது, நிற்பதால் எவருக்கேனும் பயனுண்டு என்ற எண்ணத்தின் மேலேயே நிலைகொண்டுள்ளது. பயனின்றி நின்று மடிதலைக் கோரும் அறம், அறத்தைவிட மானத்துக்கே நெருங்கியது.

இவ்விடத்தில் எதிர்வாதமொன்றையும் சந்தித்தல் வேண்டும். எல்லோரும் தப்பமுடியாதெனின் எவரும் தப்பலாகாதென்று அறம் விதிக்குமா? மகாபாரதத்தின் முடிவில் இந்திரனின் தேர் வந்து நிற்க, தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு அதில் ஏற மறுத்தான் தருமன். ஊர்தியையே மறுத்த அச்செயல் போற்றத்தக்கது. எனினும் அவன் இழக்கத் துணிந்தது தனது சுவர்க்கத்தை மாத்திரமே. விசயையின் நிலை அதுவன்று. அவள் ஏற மறுத்திருந்தால் இராசமாபுரத்தில் ஒருவரும் அதனால் உயிர் பிழைத்திருக்கமாட்டார். வயிற்றிலிருந்த குழந்தையும் மாண்டிருக்கும். பிறருக்கு நன்மை தராத துறவைப் பிறருடைய உயிரைக்கொண்டு செய்ய ஒருவருக்கும் உரிமையில்லை. ஆகவே தப்புதல் பிழையென்று கூறுவதற்கில்லை. இருக்கும் இருக்கையிற் குழந்தையை ஏற்றுபவனை நிந்திக்கும் ஒழுக்கவியல் மனிதருக்குரியதாகாது.

அவ்வாறாயின் சச்சந்தனிடத்திற் குறை யாது? அவன் தனக்கென்று இருக்கை வைக்கவில்லை. தான் நின்று மடிந்தான். அழிவுக்குக் காரணமாயிருந்தோன் அழிவை ஏற்றுக்கொண்டான் என்ற அளவில் இன்றைய ஆட்சியாளர் பலரிலும் அவன் மேலானவன். ஆனால் கனவுக்கும் முற்றுகைக்கும் இடையே அவனுக்குக் காலம் இருந்தது. ஒரு பொறியைத் திட்டமிடவும், செய்து முடிக்கவும், அரசிக்குப் பழக்கவும் போதிய காலம். அக்காலத்தில் அவன் அழைத்தது தச்சனை. குடிகளின் முன் அவன் வந்து நின்றானல்லன். ஒப்படைத்த ஆட்சியை மீட்க முயன்றானல்லன். விதியின் வலிமையைக் காட்டுவது புலவரின் நோக்கமாதலாற் கதை அவ்வாறு சென்றது எனலாம். இருந்தும், தன்னால் விளைந்த கேட்டைத் திருத்த முயல்வதிலும் பார்க்கத் தன்னவரை அதிலிருந்து வெளியேற்ற முயலும் மனப்பாங்கு காவியத்துக்கு மாத்திரம் உரியதன்று. காலநிலை கெடுவதற்குப் பெரும்பங்கு செலுத்தும் தொழில்களிற் பொருளீட்டி, அப்பொருளைக்கொண்டு உயர்ந்த நிலமும் ஓடுதளமும் வாங்குவோர் மயிற்பொறியைத்தான் செய்விக்கின்றனர்.

மயிற்பொறி இரகசியமாகவே இருக்கவேண்டியது என்பதும் கருதத்தக்கது. ஊரறியச் செய்தால் ஊரார் அனைவரும் இடங்கேட்பர். பிறர் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கம் வெளிப்படையாகக் கூறப்பட்ட மாத்திரத்திலேயே தோற்றுவிடுமாயின் அச்செயல் நீதியற்றது என்று கான்ற் 1795இல் எழுதிய நூலிற் கூறியுள்ளார். இவ்வுரைகல்லை அரச காரியங்களுக்கென்றே அவர் வகுத்தார். தனிமனிதன் தன் குடும்பத்துக்குச் செய்யும் ஆயத்தத்தின் மேல் அதனை முழுவதுமாக ஏற்றுவது மிகை. எவரும் தம் வீட்டுத் திறப்பைத் தெருவில் வைப்பதில்லை. ஆனால் அரசனுக்கும், அரசனுக்கு நிகரான செல்வாக்குடையோருக்கும் அது பொருந்தும். அவர்கள் இரகசியமாகத் தப்பும் வழி வைத்திருக்கையில், ஊர் காக்கப்படவேண்டும் என்ற அவசரம் அவர்களிடத்தில் தளர்ந்துவிடுகின்றது. கதவொன்று தனக்குத் திறந்திருக்கக் கண்டவன் கூரையைச் செப்பனிட ஓடமாட்டான்.

கூரையைச் செப்பனிட்ட நாடுகளும் உள. 1970 நவெம்பரில் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானைத் தாக்கிய சூறாவளியில் மாண்டோர் மூன்று இலட்சத்துக்குக் குறையார் என்பர். 1991ஆம் ஆண்டுச் சூறாவளி அங்கு ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோரைக் கொண்டது. 2007இல் சித்ர் சூறாவளி வலிமையிற் பெரிதும் குறையாததாயிருந்தும் மாண்டோர் சில ஆயிரவரே. இடையில் பங்களாதேஷ் செய்தது விமானம் வாங்கியதன்று. தூண்களின்மேல் எழுப்பிய கொங்கிறீற்றுப் புகலிடங்கள், அவற்றிற் பல ஏனைய நாட்களிற் பாடசாலைகள். ஒலிபெருக்கியும் கொடியும் சைக்கிளுமாகக் கிராமந்தோறும் எச்சரிக்கை சொல்லும் தொண்டர்கள். 2020இல் அம்பன் சூறாவளி வந்தபோது அங்கே இருபது இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே இடம்பெயர்க்கப்பட்டனர். எத்தனை பேர் ஏறினாலும் மேலும் ஒருவருக்கு இடமிருக்கும் என்று புட்பக விமானத்தைப் பற்றி மக்கள் சொல்லும் வழக்கொன்று உண்டு. நிலத்திற் கட்டிய அப்புகலிடங்கள் அவ்வழக்கிற்குச் சற்றேனும் அணுகி நிற்பவை.

இலங்கையரும் இதனை அறியாதோரல்லர். 2004 டிசெம்பர் 26ஆம் திகதி சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடியில் நிலம் நடுங்கியது. அலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடித்தது. இரண்டு மணி நேரத்தில், நோயாளியைத் தோளிற் சுமந்தவரும் குழந்தையைக் கையிற் பிடித்தவரும், கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீற்றர் உள்ளே நடந்துவிடலாம். உலகின் எந்தச் சிறு விமானமும் செய்யமுடியாததை ஒரு மணியோசை செய்திருக்கும். அம்மணியை அடிக்க இந்து சமுத்திரத்தில் அப்போது எச்சரிக்கை அமைப்பு இருக்கவில்லை. இந்நாட்டில் முப்பதினாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இவ்வாறு கூறுவதனாற் சிறு விமானம் பயனற்றதென்று ஆகாது. 1928ஆம் ஆண்டு மே மாதத்தில் அவுஸ்திரேலியாவின் குளோன்கறி என்னும் ஊரிலிருந்து மருத்துவர் ஒருவரை ஏற்றிக்கொண்டு ஒற்றை இயந்திர விமானமொன்று புறப்பட்டது. ஜோன் பிளின் என்னும் பாதிரியாரின் நெடுநாள் முயற்சியால் உருவான பறக்கும் மருத்துவர் சேவையின் தொடக்கம் அது. அவர்களும் ஊர்தியைத் தெரியும்போது நிறையையும் வீச்சையும் ஓடுதளத்தையும் எண்ணிப் பார்த்தவர்களே. ஆனால் அவர்களது எரிபொருட் கணக்கில் ஒரு வேறுபாடு இருந்தது. தப்பிச் செல்பவன் கொள்கலம் முழுவதையும் ஒரே திசைக்குச் செலவிடலாம். ஆயிரம் கிலோமீற்றர் போகும் விமானம் அவனை ஆயிரம் கிலோமீற்றர் கொண்டுசெல்லும். நோயாளியைத் தேடிச் செல்பவனுக்கு அதே விமானம் ஐந்நூறு கிலோமீற்றரே போகும், ஏனெனில் திரும்பவேண்டும், திரும்பும்போது ஓர் ஆள் கூடுதலாக இருப்பார், அவர் படுத்திருப்பார். அவருக்கு இடம் வேண்டுமெனில் புறப்படும்போதே ஓர் இருக்கையை வெறுமையாக விட்டுச் செல்லவேண்டும்.